சும்மா பார்த்துதான் சொன்னேன்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றால் பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் இல்லை.

உங்களுக்கு ஒரு மளிகைக் கடை. பின்னால் ஒரு கிடங்கு. கடைப் பையனைக் கூப்பிட்டு, ‘உள்ளே என்னென்ன மூட்டை இருக்குன்னு பார்த்துட்டு வாப்பா’ என்கிறீர்கள். போகிறான், பார்க்கிறான், வந்து சொல்கிறான். எதையும் தூக்கவில்லை, பிரிக்கவில்லை, நகர்த்தவில்லை. கடைசியாக, ‘மூலையில நாலு மூட்டை கிடக்கு முதலாளி, யாரோடதும் இல்ல’ என்கிறான். இடத்தை அடைக்கிறதே என்று நாலையும் தூக்கி வெளியே போடச் சொல்கிறீர்கள். மறுவாரம் தெரிகிறது, அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அப்பாவை நம்பிக் கொடுத்துவைத்த விதைநெல்.

பஞ்சாயத்து கூடுகிறது. பையன் சொல்கிறான்: ‘நான் சும்மா பார்த்துதான் சொன்னேன். தூக்கிப் போட்டது முதலாளி.’ நீங்கள் சொல்கிறீர்கள்: ‘அவன் சொன்னதை நம்பித்தானே செஞ்சேன்.’

தப்பு யார் மேல்?

பையனுக்குப் பதில் ஒரு மென்பொருளை நிறுத்தி வையுங்கள். இந்தக் கேள்வி இன்று கம்ப்யூட்டர் அறைகளில் தினமும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகிவிட்டது.

பெரிய நிறுவனங்களில், அரசு அலுவலகங்களில், வங்கிகளில் ஓடும் கணினிகள் பெரும்பாலும் நிஜக் கணினிகள் இல்லை. திருவல்லிக்கேணிப் பக்கத்து ஒண்டுக் குடித்தனம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே வீடு, எட்டுக் குடும்பம். ஒவ்வொருவரும் தன் போர்ஷனைத் தன் வீடு என்றே சொல்வார்கள். கிணறு மட்டும் பொது. அதே ஏற்பாடுதான் இங்கேயும். இரும்புப் பெட்டி ஒன்று, அதற்குள் இருபது முப்பது கற்பனைக் கணினிகள். ஒவ்வொன்றும் தனக்கு ஒரு முழு மெஷின் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஐ.பி.எம். 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் செய்து காட்டிய வித்தை. 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘ஸென்’ என்ற மென்பொருள் வெளிவந்தது. சாதாரணப் பெட்டிகளிலும் இந்த வித்தையைச் சாத்தியமாக்கியவற்றில் அதுவும் ஒன்று.

ஒண்டுக் குடித்தனத்தில் கிணறு போல, இந்தக் கற்பனைக் கணினிகளுக்கெல்லாம் பொதுவாக இருப்பது சேமிப்புக் கிடங்கு. ஸென் ஆட்கள் அதை ‘ஸ்டோரேஜ் ரெபாசிட்டரி’ என்கிறார்கள். நாம் கிடங்கு என்றே சொல்வோம். எல்லாக் குடித்தனக்காரர்களின் தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கேதான் இருக்கின்றன. உங்கள் பிறப்புச் சான்றிதழ், பென்ஷன் கணக்கு, ஆஸ்பத்திரி ஸ்கேன் எல்லாம் இப்படி ஏதாவது ஒரு கிடங்கில் இருக்க வாய்ப்பு அதிகம்.

முன்பெல்லாம் கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கட்டளைகளைத் தட்ட வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் வந்துவிட்டது. ‘கிடங்குகளைப் பட்டியல் போடு’ என்று சாதாரண பாஷையில் சொன்னால் போதும். இந்த ஏஜென்ட்டுகளின் கையில் கருவிகளைக் கொடுக்க ஒரு பொது முறையை, ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பெயரில், ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. கதவுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு சாவித்துவாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் வழியாக ஏஜென்ட் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்கிறது: கிடங்கு ஏழு, இன்னின்ன பெயர், இவ்வளவு கொள்ளளவு, இவ்வளவு நிரம்பியிருக்கிறது.

இதில் என்ன ஆபத்து? அழிக்கிற கருவியைக் கொடுக்கும்போதுதான் எல்லோரும் யோசிப்பார்கள். பட்டியல் போடுகிற கருவியைத் தயங்காமல் கொடுத்துவிடுவார்கள். ‘படிக்க மட்டும்’ என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒட்டுச்சீட்டு வெறும் குறிப்புதான், நம்பத் தகாத இடத்திலிருந்து வந்தால் அதை நம்பி முடிவெடுக்காதே என்று அந்தப் பொது முறையின் விதிகளே சொல்கின்றன. பாத்திரக்காரன் ‘சுத்தமான வெண்கலம்’ என்று எழுதி வைப்பது மாதிரி. எழுதியவரை வைத்துத்தான் எழுத்தை நம்பலாம்.

சரி, சீட்டு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் எதையும் தொடவில்லை. அப்போதும் அது கொண்டுவரும் பட்டியலில் வெளியே தெரியாத சங்கதிகள் உண்டு.

முதலாவது, நேரம். ‘இவ்வளவு நிரம்பியிருக்கிறது’ என்று அது சொல்லும் எண், பல சமயம் கிடங்கை இப்போது எட்டிப் பார்த்துச் சொல்லும் எண் இல்லை. கடைசியாக எப்போதோ அளந்து பதிவேட்டில் எழுதியதைப் படித்துச் சொல்வது. மறுபடி அளக்க வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டளை.

இரண்டாவது, வாக்கு வேறு, சரக்கு வேறு. பத்துக் குடித்தனத்துக்கும் ஆளுக்கு நூறு குடம் தண்ணீர் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நானூறு குடம் ஊறும் கிணற்றை வைத்திருப்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் இறைக்க மாட்டார்கள் என்ற தைரியம். அதனால் பட்டியலில் மூன்று எண்கள் வரும்: மொத்தக் கொள்ளளவு, நிஜமாகச் செலவானது, வாக்குக் கொடுத்தது. மூன்றாவதைப் படிக்காதவருக்கு முதல் இரண்டும் நிம்மதியான தூக்கத்தைக் கொடுக்கும், கிணறு வற்றும் நாள் வரை.

மூன்றாவது, பார்வை. ஏஜென்ட் ‘ஏழு கிடங்கு இருக்கிறது’ என்று சொல்வதற்கு, ‘எனக்குக் கொடுத்த சாவியில் ஏழு திறந்தது’ என்றே அர்த்தம். எட்டாவது இருக்கலாம். சாவி இல்லை என்பது, இல்லவே இல்லை என்று மாறிப்போகிறது.

இனி உங்களைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போக வேண்டும். கம்ப்யூட்டர் அறையில் ஏசி அதிகம்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. இந்தியாவின் உப்புநீர்க் காயல்களில் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. எவ்வளவு பெரியது? கேட்கிற நாளைப் பொறுத்தது. நீர் வற்றிய காலத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டர், மழை கொட்டி ஏரி நிறைந்தால் சுமார் 450. முகத்துவாரத்தை மணல் மூடினால் ஒரு கதை, திறந்தால் இன்னொரு கதை. ‘ஏரியின் பரப்பு இத்தனை’ என்று ஒரே எண்ணைப் பட்டியலில் எழுதுகிற குமாஸ்தா பொய் சொல்லவில்லை. எந்த மாதம் என்று எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். அந்த எண்ணை நம்பி வலையை எடுத்துப் போகிறவர் முழங்கால் சேற்றில் நிற்பார்.

அந்த ஏரிக்கரைக் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு பழைய முறை உண்டு. காயலில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம், வலை கட்ட ஆசைப்படும் கைகள் அதிகம். ஆளாளுக்குப் போய் நின்றால் அடிதடிதான். ஆகவே ஊரில் மணமான ஆண்களைத் தலைக்கட்டு என்று கணக்கெடுத்து, எந்த இடம் யாருக்கு, எந்த முறை யாருக்கு என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் கட்டுவலைக்காரர்கள் இதே போல சீட்டுப் போட்டு இடம் பிரிப்பதுண்டு. நல்ல இடம் கிடைத்தவன் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போவான். அதிர்ஷ்டமும் சுழல வேண்டும் என்பது ஏற்பாடு.

இதுவும் ஒரு பட்டியல்தான். ஆனால் இது ஒரு தனி அறையில் ஒருவர் பார்த்து இன்னொருவர் காதில் சொல்லும் பட்டியல் இல்லை. யாருடைய சோறு அதில் இருக்கிறதோ அவர்கள் எதிரிலேயே போடப்படுவது. பெயர் விட்டுப்போனால் அங்கேயே, ‘என் பேரு எங்கே?’ என்று ஒருவன் எழுந்து நிற்க முடியும். அதுதான் இதன் பலம்.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எழுந்து நிற்க, முதலில் அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் வேண்டுமே? பாடு என்பது குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட மீனவச் சமூகத்து ஆண்களின் உரிமை. அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள், பாடு இல்லாத மற்ற ஜனங்கள், பெண்கள், இவர்கள் பெயர் விட்டுப்போனது என்று சொல்லக்கூட முடியாது. இருந்தால்தானே விட்டுப்போக! இதை வைத்து அந்தக் கரையில் எத்தனையோ தகராறு நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் இதே கதைதான். நிவாரணப் பட்டியல்களில் தலித்துகளும் இருளர்களும் விடுபட்டார்கள் என்று அப்போதே அறிக்கைகள் வந்தன. பட்டியல் எழுதியவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். தங்களுக்குத் தெரிந்த கதவுகளைத் தட்டினார்கள். தெரியாத குடிசைக்குக் கதவே இல்லை.

கடைப் பையன் சொன்ன அந்த வார்த்தைக்கு வருவோம். ‘யாரோடதும் இல்ல.’

கம்ப்யூட்டர் கிடங்குகளில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அநாதை டிஸ்க். எந்தக் கற்பனைக் கணினியோடும் இணைக்கப்படாமல் சும்மா கிடக்கும் சேமிப்பு. ஏஜென்ட்டிடம் ‘இடத்தை மிச்சம் பிடிக்க வழி சொல்லு’ என்று கேட்டால் முதலில் காட்டுவது இதைத்தான். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இல்லை, யாரும் இணைக்கவில்லை, ஆகவே நீக்கலாம். அந்த டிஸ்க்கில் ஒரு பஞ்சாயத்தின் பத்து வருடப் பிறப்பு இறப்புப் பதிவு இருக்கலாம். மாற்றலாகிப் போன பொறியாளர் ஒருவர், ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கழற்றி வைத்ததாக இருக்கலாம்.

நம் ஊரில் இந்த அநாதை டிஸ்க்குக்கு இருநூறு வருடமாக ஒரு பெயர் இருக்கிறது. புறம்போக்கு.

யோசித்துப் பாருங்கள். வருவாய்த் துறைக் கணக்கில் தீர்வை விதிக்காமல் பொதுக் காரியத்துக்கென்று புறத்தே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. மேய்க்கால், குளம், சுடுகாடு, வண்டிப் பாதை. ஏரிக்கரைக் குப்பத்தில் வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றி வைக்கும் கரை, கருவாடு காயும் திட்டு எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். எல்லோருடையதும் என்பதால் பட்டியலில் எவர் பெயரும் இல்லை. எவர் பெயரும் இல்லை என்பதால், தூரத்தில் உட்கார்ந்து பட்டியலைப் படிக்கிறவருக்கு அது யாருடையதும் இல்லை. வார்த்தையும் தேய்ந்து திட்டுவதற்கு ஆகிப்போனது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர் கழிமுகத்தில் சாம்பலும் கட்டுமானமும் சதுப்பு நிலத்தை எப்படி விழுங்கின என்பது ஊருக்கே தெரியும். 2017-ல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அந்தக் கழிமுகத்தைப் பற்றித்தான்.

‘உரிமையாளர் பெயர் பதிவாகவில்லை’ என்பது பார்த்த செய்தி. ‘யாருடையதும் இல்லை’ என்பது தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர் பேச்சுவாக்கில் அதைத் தாண்டிவிடுகிறார். கேட்கிறவரும் கவனிப்பதில்லை.

‘அட, வெறும் கணக்கு எழுதுகிறவனுக்கு இவ்வளவு பொறுப்பா?’ என்று கேட்பீர்கள். உங்கள் தாத்தா கிராமத்துக்காரரானால் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கர்ணம் என்ன செய்தார்? நிலத்தைப் பறிக்கவில்லை, கொடுக்கவில்லை. அடங்கலில் யார் பெயரில் என்ன பயிர் என்று எழுதினார். எழுதியதைப் படித்துச் சொன்னார். அந்த ஒரு வேலைக்காக ஊரே அவரைக் கண்டால் மேல்துண்டை எடுத்தது. கர்ணம், மணியம் போன்ற, பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்த பகுதிநேரக் கிராமப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. பார்த்துச் சொல்கிற வேலையில் அதிகாரம் இல்லை என்றால், ஒழிப்பதற்கு அங்கே என்ன இருந்தது?

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் ஏஜென்ட் என்ற புதுக் கர்ணத்துக்குக் காணிக்கை வேண்டாம், கோபம் இல்லை, சாதி இல்லை. ஆனால் வேறொரு குணம் உண்டு: தெரியாததையும் தெரிந்த மாதிரியே தெளிவாகச் சொல்லும். 2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், அது நடப்புத் தகவல் தளத்தையே அழித்துவிட்டது. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. ‘மீட்க முடியாது’ என்று அது சொன்னது. மீட்க முடிந்தது! அழித்தது ஒரு தப்பு. இருப்பதை இல்லை என்று சொன்னது இரண்டாவது தப்பு. அவர் அந்தப் பேச்சை நம்பி விட்டிருந்தால் இரண்டாவதுதான் பெரிய நஷ்டமாகியிருக்கும்.

மனிதர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர், துணைக் கணினியில் இருப்பதாக நினைத்து, பிரதான கணினியிலிருந்த தகவல் தளத்தை அழித்தார். சுமார் 300 ஜிகாபைட்டில் மிச்சம் சுமார் 4.5. பரவாயில்லை, மாற்று நகல் எடுக்க ஐந்து ஏற்பாடு இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. பட்டியலில் ஐந்து இருந்தன. கிடங்கில் இல்லை. நடுவில் யாரும் ஒரு நாளாவது திறந்து பார்க்கவில்லை. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் ஊரறிய எழுதியது. அது பாராட்ட வேண்டிய விஷயம்.

அப்படியானால் ஏஜென்ட்டே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நாற்பது கிடங்கை முகம் சுளிக்காமல் எண்ணிச் சொல்ல எந்த மனிதரால் முடியும்? எண்ணட்டும். நாம் கேட்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும். ‘என்ன இருக்கிறது?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எப்போது அளந்தது? எந்தச் சாவியில் பார்த்தாய்? எதைப் பார்க்க முடியவில்லை?’ என்றும் கேளுங்கள். ஒன்றை நீக்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாதிக்கப்படக் கூடியவர்கள் எதிரில் படியுங்கள், பாடுக்குச் சீட்டுப் போடுகிற மாதிரி. கூடவே, அந்தக் கூட்டத்துக்கு வர முடியாதவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அநாதை என்று எழுதியிருந்தால், நீக்கும் முன் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்து, ‘இது யாருடையது?’ என்று ஊருக்குள் தண்டோரா போடுங்கள். இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். நாலு மின்னஞ்சல், பதினைந்து நாள் பொறுமை.

முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. பையன் மேலும் தப்பு உண்டு: பார்த்ததைச் சொல்லாமல் தீர்ப்புச் சொன்னான். ஆனால் அவனைத் திருத்தலாம், அடிக்கலாம், வேலையை விட்டு நிறுத்தலாம். அவனுக்கு வலிக்கும், அடுத்த முறை பயப்படுவான். ஏஜென்ட்டுக்கு வலிக்காது. ‘மன்னிக்கவும்’ என்று அழகாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைக் கேட்கும். வலிக்காத ஒன்றின் மேல் பழியைப் போட்டால், போடுகிறவருக்கு மட்டும்தான் அதில் ஆறுதல். விதைநெல்லை இழந்தவருக்கு எதுவும் வராது. ஆகவே வேலையை அதனிடம் கொடுக்கலாம், பழியைக் கொடுக்க முடியாது. பையன் இருந்த இடத்தில் ஏஜென்ட் வந்த பிறகு, முதலாளியின் பங்கு கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை.

நமக்கும் கம்ப்யூட்டர் கிடங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வெள்ள நிவாரணம், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் என்று எல்லா வரிசையிலும் இனி முதலில் பார்த்துச் சொல்லப் போவது ஏதோ ஒரு மென்பொருளாகத்தான் இருக்கும். கவுன்ட்டரில் இருக்கும் மனிதர் திரையைப் பார்த்துவிட்டு, ‘லிஸ்ட்ல உங்க பேரு இல்லீங்களே’ என்பார். அப்போது பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். ‘லிஸ்ட்ல இல்ல, சரி. நான் உங்க எதிர்ல நிக்கிறேனே சார், அதை எங்கே எழுதுவீங்க?’ என்று கேளுங்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது நீங்களானால், அப்படிக் கேட்கிற கிழவியை ‘அடுத்த ஆள்’ என்று தள்ளிவிடாமல், திரையை விட்டுக் கண்ணை எடுத்து ஒரு முறை அவள் முகத்தைப் பாருங்கள்.